ஆட்சேபணை சொல்ல ஆளில்லாத மனு

வேட்புமனுப் பரிசீலனை நாளில் உங்கள் மேசைக்கு முன்னால் இரண்டு வக்கீல்கள் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள். உங்கள் வேலையில் பாதியை அவர்களே செய்துவிடுவார்கள். ஒருவர் மறைப்பதை மற்றவர் எடுத்துக் காட்டுவார். நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு கேட்டாலே போதும். அறையில் இருக்கும் அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு உங்களைப் பார்த்துக் கும்பிட்டு நிற்கும் நாளில்தான் நீங்கள் பயப்பட வேண்டும். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

புதிதாகத் தேர்தல் பணிக்கு வருகிறவர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் அலுவலர் சங்கத்தில் கேட்டார்கள். விதிகளை நான் எழுதப்போவதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன, அடிக்கடி மாறவும் செய்கின்றன. நான் படித்த கையேட்டை நம்பி நீங்கள் உத்தரவு போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். நான் சொல்ல வருவது ஒரே ஒரு மனுவைப் பற்றி. அதை ஒரு தடவை தள்ளுபடி செய்தேன், அடுத்த தடவை ஏற்றுக்கொண்டேன். இரண்டு தடவையும் எனக்குத் திட்டு விழுந்தது.

அப்போது நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். உள்ளாட்சித் தேர்தலில் சில ஊராட்சிகளுக்கு என்னைத் தேர்தல் அலுவலராகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று பல்லடம் பக்கத்தில் இருந்தது. கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, இந்தத் தடவை போட்டியே வேண்டாம், தலைவர் பதவிக்குப் பொன்னுசாமிதான் என்று முடிவு செய்திருந்தார்கள். நம் பக்கத்தில் இது புதிதில்லை. போட்டி என்றால் பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோகும், கல்யாணம் காட்சிக்குப் போக முடியாது, செலவு வேறு. அதனால் ஒருமனதாக என்று ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஊரில் வேறு ஒருவரும் மனுப் போடவில்லை. எங்கேயும் ஒரு மாற்று வேட்பாளரைக் கூடவே நிறுத்தி வைப்பார்கள். இவர்களுக்கு இருந்த நம்பிக்கையில் அதைக்கூடச் செய்யவில்லை.

பொன்னுசாமிக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி உண்டு. ஊருக்கு நிறையச் செய்தவர். குளம் தூர் வாரியது அவர் வண்டிகளில்தான். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தவரும் அவரே. அவர் ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். அவர் கம்பெனியில் ஒரு ஏற்றுமதி ஆர்டர் கிளம்ப வேண்டிய நேரத்தில் வெட்டிய துணி பண்டல்கள் சில காணாமல் போயின. முருகேசன் என்ற ஓவர்லாக் டெய்லர் மீது சந்தேகம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டவர். பொன்னுசாமி ஊரே கேட்கத் திருடன் என்று கத்தி, அவரைக் குடோனில் அடைத்துப்போட்டு இரும்புக் கம்பியால் அடித்தார். வலது கை விரல்கள் நொறுங்கிப்போயின. பண்டல்கள் பிறகு, வெளியே தைத்துக் கொடுக்க ஜாப் ஒர்க் எடுத்தவரின் வேனில் கிடந்தன. வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டிலும் நின்றது. பொன்னுசாமி மூன்று வருஷத் தண்டனையை முழுக்க அனுபவித்துவிட்டு வெளியே வந்தார். முருகேசனால் அதற்குப் பிறகு மெஷினில் உட்கார முடியவில்லை. அவரும் மனைவியும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இட்லிக் கடை போட்டார்கள்.

பரிசீலனை நாளன்று அந்த ஊரின் முறை வந்ததும் பொன்னுசாமி உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் ஊர்ப் பெரியவர்கள். மனுவை எடுத்துப் பார்த்தேன். குற்ற வழக்கு விவரம் கேட்கும் இடத்தில் எதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். வழக்கு, தண்டனை, விடுதலையான நாள் எல்லாம் இருந்தது. அவர் மறைத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். உண்மையை எழுதிய மனிதரின் மனுவைத் தள்ள வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. விடுதலையான பிறகு தேர்தலில் நிற்க எத்தனை வருஷம் கழிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ, அந்தக் காலம் அவருக்கு இன்னும் முடியவில்லை.

முன்மொழிந்தவர் யார் என்று பார்த்தேன். முருகேசன்.

நான் நிமிர்ந்தேன். பெரியவர்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டி அவர் நின்றிருந்தார். வலது கையைச் சட்டைப் பையோடு சேர்த்து வைத்திருந்தார்.

"உங்களுக்குத் தண்டனைக் காலத்துக்கு அப்புறம் சட்டம் சொல்ற வருஷம் இன்னும் முடியலீங்களே" என்றேன்.

பொன்னுசாமி கோபப்படவில்லை. "அது தெரியுமுங்கம்மா. ஆனா யாராச்சும் ஆட்சேபணை சொன்னாத்தானுங்களே? இங்க சொல்றதுக்கு ஆளே இல்லீங்க" என்றார்.

"நான் இருக்கறனுங்க."

பின்னால் ஒரு பெரியவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"தண்டனைய முழுசா அனுபவிச்சுட்டு வந்துட்டனுங்க. மறுக்கா எதுக்குங்க தண்டனை?" என்றார் பொன்னுசாமி. "அட, அடிபட்டவரே முன்மொழிஞ்சிருக்கறாரு. அவரையே கேளுங்க. முருகேசா, அம்மாகிட்டச் சொல்லு."

முருகேசன் ஓரடி முன்னால் வந்தார். "ராசியாயிட்டோம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பச் சுவரோரம் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? முருகேசனைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையிலேயே மன்னித்துவிட்டீர்களா, மிரட்டினார்களா என்று கேட்பீர்களா? பயிற்சி வகுப்புகளில் இதைச் சொன்னால் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் கேட்கவில்லை. அவர் மனசார மன்னித்திருக்கலாம், பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் என் முடிவு மாறக் கூடாது. அடிபட்டவர் சரி என்று சொன்னால் அடித்தவருக்குத் தகுதி வந்துவிடும் என்று நான் அன்றைக்கு ஒத்துக்கொண்டிருந்தால், அப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் அடிபட்டவர்களின் வீட்டு வாசலில் கார் வந்து நிற்கும். கையை உடைத்ததும் இல்லாமல், உடைந்த கையாலேயே கையெழுத்தும் வாங்குவார்கள். சட்டம் அந்தப் பாரத்தை அடிபட்டவர் தலையில் வைக்கவில்லை. என் தலையில் வைத்திருந்தது. அதை நான் அவர் பக்கம் தள்ளிவிடுவது எனக்கு அசிங்கமாகப் பட்டது.

பொன்னுசாமி கேட்ட கேள்வியும் லேசானது இல்லை. அதற்கு அன்று நான் சொன்ன பதிலை இன்றும் மாற்ற மாட்டேன். "இது தண்டனை இல்லீங்க. அந்த நாற்காலி உங்க சொத்தா இருந்து நான் பிடுங்கினா அது தண்டனை. ஊட்டுக்கு வரைபட அனுமதி, குழாய்க்கு இணைப்பு, நூறு நாள் வேலை, எல்லாத்துக்கும் சனங்க அந்த நாற்காலி முன்னாடி வந்து நின்னாகோணும். முருகேசனும் வந்து நிக்கோணும். கொஞ்ச காலம் போகட்டும்னு சட்டம் சொல்லுது. நானும் அதையேதான் சொல்றேன்."

மேலதிகாரி ஒருவர் போனில் வந்தார். விஷயம் எப்படி அவ்வளவு சீக்கிரம் அங்கே போனது என்று நான் கேட்கவில்லை. "ஆட்சேபணையே இல்லைங்கறப்ப நீங்க ஏம்மா இழுத்துப் போட்டுக்கறீங்க? அக்செப்ட் பண்ணிடுங்க. நாளைக்கு யாராச்சும் கேஸ் போட்டா கோர்ட்டு பாத்துக்கும்" என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எழுத்தில் கொடுங்கள் சார் என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அடுத்து என் கணவரின் அண்ணன். துணி பின்னும் அவருடைய நிட்டிங் யூனிட்டுக்குப் பொன்னுசாமி கம்பெனியிலிருந்துதான் வேலை வந்துகொண்டிருந்தது. "அம்மிணி, நீ நம்மூட்டுப் புள்ள. அவங்க நமக்கு வேண்டப்பட்டவிய. கொஞ்சம் பாத்துப் பண்ணு கண்ணு" என்றார். அவர் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. "மாமா, இன்னிக்கு நான் உங்கூட்டுப் புள்ள இல்லீங்க. நாளைக்கு ஊட்டுக்கு வர்றேன், திட்டுங்க" என்று சொல்லிவிட்டு போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். மறுநாள் போனேன், திட்டினார்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு தாசில்தார் வாய்த்தார். சிடுசிடுப்பானவர், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கோப்புகளை விட்டெறிவார். அவர் சொன்ன ஒன்றை மட்டும் நான் விடவேயில்லை. "உத்தரவ ஜெயிச்சவனுக்காக எழுதாதம்மா, அவன் படிக்கவே மாட்டான். தோத்தவன் ஊட்டுல உக்காந்து படிச்சா அவனுக்குப் புரியோணும்" என்பார். அன்று பிரிவு எண்களை அடுக்கி இரண்டு வரியில் முடித்திருக்கலாம். நான் பொன்னுசாமிக்காக உட்கார்ந்து எழுதினேன். நீங்கள் எதையும் மறைக்கவில்லை, ஊர் உங்களை விரும்புகிறது, இரண்டையும் பதிவு செய்கிறேன், ஆனாலும் சட்டம் சொல்லும் காலம் முடியாததால் மனுவை ஏற்க முடியாது, அந்தக் காலம் முடிந்தபின் உங்களுக்குத் தடை இல்லை. இப்படித் தமிழில், யாருக்கும் புரிகிற மாதிரி.

படித்துவிட்டு அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஊர்க்காரர்கள் என்னைத் திட்டினார்கள். வெளியே வந்தபோது ஜீப் டயரில் காற்று இல்லை.

வேறு மனு இல்லாததால் அந்த ஊருக்குத் தலைவர் பதவி காலியாகவே கிடந்தது. இடைத்தேர்தல் வரும்வரை குடிநீர்க் குழாய் வேலை பாதியில் நின்றது. அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்கள். சரியான முடிவு எடுத்துவிட்டால் எல்லாரும் நன்றாக இருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள். சில நேரம் சரியான முடிவால் ஊருக்குத் தண்ணீர் வராது. நீங்கள் நாலு பக்கமும் ஓடி அந்தத் தண்ணீருக்கு வழி பண்ணித்தான் ஆக வேண்டும். நான் லாரித் தண்ணீருக்கு அலைந்ததெல்லாம் வேறு கதை.

இடைத்தேர்தலில் மூன்று பேர் நின்றார்கள். போட்டி என்றால் என்ன என்று ஊர் பார்த்தது. சண்டை வந்தது, ஆனால் யாரும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாமல் நின்றுவிடவில்லை. அதன்பின் ஒருமனது என்ற பேச்சை எடுத்தால் இளவட்டங்கள் சிரித்தார்கள்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது நான் ஓய்வு பெறும் காலம். அதே ஊராட்சி என் தலையிலேயே விழுந்தது. பொன்னுசாமி மறுபடி மனுப் போட்டார். சட்டம் சொன்ன காலம் முடிந்து போயிருந்தது. இந்தத் தடவை அறை அமைதியாக இல்லை. பதவியில் இருந்த தலைவரும் மனுப் போட்டிருந்தார். அவரை முன்மொழிந்தவர் என்ற முறையில் முருகேசன் உள்ளே வந்திருந்தார். சுவரோரம் நிற்கவில்லை. என் மேசைக்கு நேர் எதிரே நின்றார்.

"இவரு மனுவ எடுக்கக் கூடாதும்மா. நான் ஆட்சேபணை சொல்லுதேன்" என்றார். ஒரே மூச்சில் தொடர்ந்தார். "போன தடவ கோயில்ல வச்சு ராசி பேசுனாவ. பெரியவுக எல்லாம் பேசுனாவ. நான் திருடலன்னு ஒருத்தரும் பேசல. கோர்ட்டுல தண்டன குடுத்த பெறகும், ஏதாச்சும் எடுத்திருப்பான், இல்லாம அடிப்பாங்களாங்கான் ஊருல. எந்தக் கம்பெனியிலயும் எம் மவனச் சேக்க மாட்டேங்கான். திருடன் மவன்னு சொல்லுதான். இவரு ஒரு வார்த்த சொல்லிருந்தா தீந்துருக்கும். சொல்லவேயில்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குப் பெரிய காயம் கையில் இல்லை. பொன்னுசாமி தலையைக் குனிந்துகொண்டு மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல், "இதெல்லாம் ஆட்சேபணையே இல்லீங்க மேடம்" என்றார்.

வக்கீல் சொன்னது சரி. அதுதான் எனக்குச் சிக்கல். போன தடவை நான் கேட்காமல் விட்ட மனிதர் இந்தத் தடவை தானே வாயைத் திறந்து கேட்கிறார். என் மனசு முழுக்க அவர் பக்கம் இருந்தது. பேனாவை எடுத்துத் தள்ளுபடி என்று எழுதினால் அந்த அறையில் எனக்குக் கைதட்டுகூடக் கிடைத்திருக்கும். ஆனால் அன்று ஊரே ஒன்றாக நின்றபோது சட்டத்தைப் பிடித்துக்கொண்டவள், இன்று எனக்குப் பிடித்தவர் கேட்கும்போது அதை விட்டுவிட்டால், அன்று செய்தது என்ன? அன்று என் அதிகாரத்தைக் காட்டினேன் என்றுதான் ஆகும்.

நம் ஆட்கள் டீக்கடையில் இதைப் பற்றிச் சண்டை போடுவதைக் கேட்டிருக்கிறேன். ஒருவர், குற்றவாளி என்று தீர்ப்பானால் ஆயுசுக்கும் நிற்கக் கூடாது என்பார். இன்னொருவர், ஜனங்கள் ஓட்டுப் போட்டால் சரி, நடுவில் சட்டம் எதற்கு என்பார். நான் இரண்டு பேரோடும் சண்டை போடுவேன். ஜெயிலிலிருந்து வந்த கையோடு மாலையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரவிட்டால், அடிபட்டவன் அந்த ஊரில் வாயைத் திறக்கவே மாட்டான். அதனால் ஒரு காலம் கழிய வேண்டும். ஆயுசுக்கும் கதவைச் சாத்திவிட்டால், அந்த மனிதர் யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு நாள் கதவு திறக்க வேண்டும். திறந்த பிறகு கேள்வி கேட்க ஆள் இருக்க வேண்டும். இது என் கருத்து. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேனாவைப் பிடிக்கும்போது உங்கள் கருத்தையும் என் கருத்தையும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

மனுவை ஏற்றுக்கொண்டேன். இந்தத் தடவை தோற்றவர் முருகேசன், ஆகையால் உத்தரவை அவருக்காக எழுதினேன். ஆட்சேபிப்பவர் சொல்லும் சம்பவம் நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது, அது உண்மை. ஆனால் தடைக் காலம் முடிந்துவிட்டதால் மனுவைத் தள்ள அது காரணமாகாது. தீர்ப்பில் உள்ளதை வாக்காளர்களிடம் எடுத்துச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கடைசி வரி சட்டப்படி தேவையில்லாதது. அதற்காகப் பின்னால் எனக்கு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன்.

முருகேசன் அதை நின்ற இடத்திலேயே படித்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் நன்றாகத் தெரிந்தது. பிறகு கடைசி வரியில் விரலை வைத்து, "இது நெசமாம்மா? நான் ஊருக்குள்ள போய்ச் சொல்லலாமா? எம் மேல கேசு போட்டுர மாட்டாவளே?" என்று கேட்டார்.

"தீர்ப்புல இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், ஒரு வார்த்தை குறையவும் வேண்டாம்" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் அவர் இட்லிக் கடைக்கு முன்னால் நின்றார். பொன்னுசாமியின் பிரச்சார வேன் அந்த வழியாகத்தான் ஊருக்குள் வர வேண்டும். வந்தால் ஒரே கேள்வி. "மொதலாளி, நான் திருடுனேனா இல்லியா?" வசவு கிடையாது, கூச்சல் கிடையாது. வேன் நிற்காமல் போகும். மறுநாளும் கேட்பார். இட்லி சாப்பிட வருகிறவர்களும் கூடச் சேர்ந்து நிற்கத் தொடங்கினார்கள் என்று எங்கள் ஆட்கள் வந்து சொன்னார்கள்.

பிரச்சாரம் முடியும் நாளன்று சாயங்காலம், வாக்குச்சாவடி பார்க்க அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் ஜீப் நின்றுவிட்டது. முன்னால் பல்லடம் போகும் தனியார் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பொன்னுசாமியின் வேன், அதற்கும் முன்னால் முருகேசன். ஷிப்ட் முடிந்து இறங்கிய கம்பெனிப் பெண்கள், கடைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"மொதலாளி, நான் திருடுனேனா இல்லியா?"

வேன் போக முடியவில்லை. பொன்னுசாமி இறங்கினார். மைக்கை இடுப்புக்குக் கீழே தாழ்த்திக்கொண்டு முருகேசனிடம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. முருகேசன் தலையை ஆட்டினார்.

"மைக்குல சொல்லுங்க மொதலாளி. அன்னைக்கு நீங்க என்னத் திருடன்னு ஊருக்கே கேக்கத்தான சொன்னீய?"

பஸ்காரர் ஹாரனை நிறுத்திவிட்டார். பொன்னுசாமி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். வேனில் இருந்த அவருடைய ஆள் ஒருவர், "வாங்கண்ணா, போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு மைக்கை வாயருகே கொண்டுவந்தார்.

"முருகேசன் திருடலைங்க" என்றார். ஸ்பீக்கரில் அது தெருக்கோடி வரை போனது. "எதையும் எடுக்கலைங்க. நான் அடிச்சது தப்புங்க."

அவ்வளவுதான். முருகேசன் வழிவிட்டு ஒதுங்கினார். கடைக்குள் போய், மனைவிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, உடைந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஜீப்பில் இருந்தேன். தேர்தல் அலுவலர் என்பதால் இறங்கிப் போக முடியாது. டிரைவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மனசாரச் சொன்னாரா, ஓட்டுக்காகச் சொன்னாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் முதல் தடவை நான் அந்த மனுவை ஏற்றிருந்தால், இதைச் சொல்லாமலேயே அவர் தலைவர் ஆகியிருப்பார். ஊர் மாலை போட்டிருக்கும், முருகேசன் சுவரோரமாக நின்று கைதட்டியிருப்பார். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பொன்னுசாமி கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். மனுவைத் தள்ளிய அதே கையால் நான்தான் அவருக்கு வெற்றிச் சான்றிதழைக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டார். நானும் கும்பிட்டேன்.

முருகேசன் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அதற்குப் பிறகு என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். என் மச்சாண்டார், அதுதான் என் கணவரின் அண்ணன், அவர்கூடக் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள் என்று தெரியும். எனக்குத் தெரியாது. அது யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.